மேஸ்திரியை ஊறப்போட்ட பாட்டு

கோட்டு போட்ட ஒருவர் டிவியில் சொல்கிறார், ராப் பாட்டுகளால்தான் இளசுகள் வெட்டுக் குத்து என்று அலைகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு பாட்டை நானே கட்டியிருக்கிறேன். எங்கள் விஷயத்தில் அடி முதலில் விழுந்தது, பாட்டு அப்புறம்தான் வந்தது.

எண்பதுகளின் கடைசி. மலையில், செண்பகனூருக்குக் கீழே ஓடைக்கரையில், ஒரு லாட்ஜின் துணிகளைத் துவைக்கும் வேலை எங்களுக்கு. நான், என் அக்கா, இன்னும் மூன்று பெண்கள். வேலை இருக்கிறவரைதான் லாட்ஜுக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருக்கலாம். அக்காவை விட்டுப் புருஷன் போய்விட்டான், கைக்குழந்தை வேறு. ஒரு நாள் போர்வையில் கறை போகவில்லை என்று, எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி அவளைக் கன்னத்தில் அறைந்தான். அன்றைக்குச் சாயங்காலமே அவள் துணிமணிகளை மூட்டை கட்டினாள்.

"பெரும்பாறைக்குப் போயி காப்பிப்பழம் பறிச்சுப் பொழச்சுக்கிறேன். இவன்ட்ட இருக்க முடியாதுடி."

"மேனேஜர்ட்ட சொல்லேன்க்கா."

"அடி வாங்குனேன்னு என் வாயால சொல்லவா? போடி."

இந்த ஒரு வாரம் மட்டும் இரு என்று கெஞ்சி நிறுத்தினேன்.

அந்த வாரம்தான் ஒரு வெள்ளைக்காரப் பையன் லாட்ஜ் அறையில் விட்டுப்போன கேசட்டை, ரிசப்ஷனில் இருந்த அண்ணன் எங்களிடம் கொடுத்தார். பேட்டரி டேப்பைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டோம். ராகம் கிடையாது. ஒருத்தன் மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே இருக்கிறான்.

"என்னடி, பாடுறானா ஏசுறானா?" என்றாள் ஒருத்தி.

ரிசப்ஷன் அண்ணனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். "போலீஸ் எங்கள அடிக்கிறான், எவனும் வேலை குடுக்க மாட்டேங்கிறான், எங்க தெருவுக்கு வந்து பாரு, சுட்டுப்புடுவேங்கிறான்" என்றார்.

எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. துவைக்கும் கல்லில் இரண்டு பேர் மாற்றி மாற்றித்தான் அடிப்போம், இல்லாவிட்டால் ஒருத்தி துணி இன்னொருத்தி மேல் விழும். அந்தத் தாளத்தில் வார்த்தைகள் தானாக வந்து உட்கார்ந்தன.

ஊறப்போடு ஊறப்போடு, மேஸ்திரிய ஊறப்போடு!
சோப்பப் போடு, கல்லுல அடி!
அடிச்ச கையத் தேடி அடி!
முறுக்கிப் பிழி, கொடியில மாட்டு,
காயலைன்னா திருப்பிப் போடு!

ஒவ்வொரு 'அடி'க்கும் ஒரு பெட்ஷீட் கல்லில் விழும். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த அக்காகூட, "நீலத்தை விட்டுட்டியே, முக்கி எடு" என்றாள்.

மஞ்சு என்போமே, அந்த மூடுபனி இறங்கிய ஒரு காலையில் எதிரே நிற்பவள்கூடத் தெரியவில்லை. அப்படிப்பட்ட நாளில் துவைக்கிற கல் பக்கம் யார் வந்தாலும் "வாரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் வருவார்கள். வீசுகிற ஈரத்துணி கண்ணில் பட்டால் கண் போய்விடும். மேஸ்திரி குரல் கொடுக்கவில்லை. பாட்டை ஒட்டுக்கேட்கப் பூனை மாதிரி வந்திருக்கிறான். 'தேடி அடி' என்று நான் வீசிய பெட்ஷீட் சுளீரென்று அவன் மூஞ்சியில் விழுந்தது. ஆள் ஓடையில் உட்கார்ந்துவிட்டான்.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். தொப்பலாக நனைந்த மேஸ்திரி கத்தினான்: "கொலை மிரட்டல் சார்! பாட்டுல சொல்லிட்டே அடிச்சிருக்காளுக! போலீஸ்ல குடுக்கணும்!"

"எங்க, பாடுங்க பாப்போம்" என்றார் மேனேஜர்.

நான் பாடினேன். கல் இல்லாததால் பக்கத்தில் நின்றவள் அவர் மேஜையிலேயே தட்டினாள். 'திருப்பிப் போடு' வந்ததும் மேனேஜர் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ரிசப்ஷன் அண்ணன் வெளியே ஓடிவிட்டார். எங்களுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் சிரித்தோம்.

மேனேஜர் கர்சீப்பை எடுத்தார். "அது சரி, அடிச்ச கைன்னு வருதே. யாரை அடிச்ச கை?"

சிரிப்பு நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள்.

"என்னைய, சார். கன்னத்துல."

மேனேஜர் மேஸ்திரியைப் பார்த்தார். "மஞ்சுக்குள்ள குரல் குடுக்காம எதுக்குய்யா போனீரு?"

அவன் சட்டைக் கையைப் பிழிந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இனிமே கை நீட்டுனா நீரு வீட்டுக்குப் போயிரும். நீங்களும் அந்தப் பாட்டை நிறுத்துங்க."

"மொதல்ல அவரு நிறுத்தட்டும் சார்" என்றாள் அக்கா. "அப்புறம் பாப்போம்."

வெளியே வந்து, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தோம். அக்கா அன்றைக்கே மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் மேஸ்திரி வந்தான். இரண்டு கையையும் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தான். எந்த அழுக்கு மூட்டையை முதலில் எடுக்க வேண்டும் என்று தாடையை நீட்டி நீட்டிக் காட்டினான். எங்களுக்குப் புரியாதது மாதிரி, வேண்டுமென்றே வேறு மூட்டையைத் தூக்கினோம்.