ட்ரெய்லர் நிழலில் ஒரு பஞ்சர்

எனக்கு லாரி என்றால் பயம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டு, அதுவும் கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவருக்கே வாழ்க்கைப்பட்டு, லாரியைக் கண்டால் ஓடி ஒதுங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார். "இன்னாமே நீ, வூட்டுக்குள்ளயே டிரைவர வெச்சிகினு லாரிக்கு மெர்சலாவுற" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். ஸ்டியரிங் பிடித்து மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன, சக்கரத்துக்குப் பக்கத்தில் போகிறவளுக்கல்லவா தெரியும்.

எண்ணூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுவார்கள். பஸ்ஸை நம்பினால், அது ட்ரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டு எப்போது வீடு சேரும் என்று மாதாவுக்கே தெரியாது. அதனால் சைக்கிள். சாதா சைக்கிள் அந்தக் கடலோர ரோட்டில் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை, ரிம் நெளிந்துவிட்டது. பிறகுதான் மலையில் ஓட்டுவதற்கென்றே செய்கிற தடி டயர் சைக்கிளை வாங்கினேன். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லை. "இன்னாக்கா, திருப்பதி மலைக்கா?" என்று கேட்டுக் கேட்டே என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த மலை பேசின் பிரிட்ஜ் மேம்பாலம்தான். அதையும் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறுவேன்.

முதலில் எல்லாரையும் போல முதுகில்தான் பை மாட்டியிருந்தேன். தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், பஞ்சர் சாமான் எல்லாம் அதற்குள். ஒரு நாள் திருவொற்றியூர் தாண்டி, நிற்கிற ட்ரெய்லர்களுக்கும் ஓடுகிற ட்ரெய்லர்களுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஓடுகிற வண்டி ஒன்றின் பக்கவாட்டில், கயிறு கட்டுகிற கொக்கி ஒன்று என் பையின் வாரில் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு நான் சைக்கிளில் போகவில்லை, பையில் போனேன். கால் பெடலில் இல்லை. கத்தினேனா என்றுகூட நினைவில்லை. வார் பிய்ந்து நான் விழுந்தபோது பின்சக்கரங்கள் என் கைக்குப் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவற்றின் சூடு கன்னத்தில் பட்டது. அன்றிலிருந்து என் உடம்பில் தொங்குகிற மாதிரி ஒரு சாமானும் மாட்டுவதில்லை. துப்பட்டாவைக்கூட இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்வேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சைக்கிளே சுமக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. பாட்டிலை ஹேண்டிலில் தொங்கவிட்டேன். அந்தக் கனம் என்னை ரோட்டின் நடுவுக்கு இழுத்தது. ஃப்ரேமில் ஒரு கம்பிக் கூண்டு மாட்டி அதற்குள் வைத்தேன். ஒரு பள்ளத்தில் எகிறி விழுந்து உருண்டு, லாரிக்கு அடியில் போய் டப்பென்று வெடித்தது. வெடித்தது பாட்டில்தான். நான் இறங்கி ஓரமாக உட்கார்ந்து, அந்த லாரி கண்ணிலிருந்து மறைகிறவரை எழுந்திருக்கவில்லை. பிறகு பழைய டியூபை நீளநீளமாகக் கிழித்து, அந்த ரப்பர்ப் பட்டையால் இரண்டு பாட்டிலையும் ஃப்ரேமின் நடுவில் கால்களுக்கிடையே இறுக்கிக் கட்டினேன். ஸ்பேனர், டயரைக் கழற்றுகிற பட்டை, பேட்ச், சொல்யூஷன் எல்லாம் ஒரு பழைய சாக்ஸுக்குள் சுருட்டி சீட்டுக்கு அடியில். சாக்ஸ் எதற்கு என்றால், சாமான்கள் கிணுகிணுவென்று ஆடினால் பின்னால் வருகிற லாரிச் சத்தம் எனக்குக் கேட்காது. பம்பு ஃப்ரேமோடு ஒட்டிக்கொண்டு வரும்.

சந்தில் ஓட்டுவதையும் அத்தோடு விட்டேன். துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர்கள் கேட்டில் முறை வருகிறவரை கடலோர ரோட்டில் வரிசை கட்டி நிற்கும். சில நேரம் ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள். டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்துக்கொண்டு கிடப்பார்கள். அந்த வரிசைக்கும் கடலுக்குப் போட்ட பாறைகளுக்கும் நடுவில் ஒரு மண் பாதை உண்டு. தடி டயருக்கு அந்த மண் போதும். ஓடுகிற வண்டிகளிடமிருந்து என்னை நிற்கிற வண்டிகள் காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்த நாளில் என் வீட்டுக்காரர் முந்தின நாளிலிருந்தே அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார். செல்லில் சார்ஜ் போய்விட்டது போல, காலையிலிருந்து ரிங்கே போகவில்லை. நல்ல சித்திரை வெயில். கடை ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டு பாட்டிலிலும் ஜில்லென்று தண்ணீர் பிடித்து, துணி சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு நாக்கு வறண்டது. ஆனாலும் தொடவில்லை. அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் பெண் ஒட்டிய மஞ்சள் பூ ஸ்டிக்கர் அவர் வண்டியின் பின்பக்கம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே மண்ணில் ஓட்டி வந்தேன். ஸ்டிக்கர் கண்ணில் பட்ட அதே நேரம் முன்டயர் புஸ்ஸென்றது. கண்டெய்னர்க் கதவில் சீல் வைத்த கம்பியை அறுத்து எறிகிறார்களே, அந்தக் கம்பித் துண்டு ஒன்று குத்தி நின்றது. நல்லவேளை, இங்கேயே ஆயிற்றே என்றுதான் நினைத்தேன். நல்லவேளையாம்!

வண்டியின் கடல் பக்கம் நல்ல நிழல் விழுந்திருந்தது. சைக்கிளைப் பின்பக்கத்து நிழலில் சாய்த்துவிட்டு, அவரைத் தேடி டிரைவர் பக்கம் போனேன். அந்தப் பக்கம் ரோட்டைப் பார்த்த பக்கம். ஓடுகிற வண்டிகள் முதுகை உரசுகிற மாதிரி போயின. கேபினில் ஆளில்லை. கதவு லேசாகத் திறந்திருந்தது, சாவி தொங்கியது. ஏறுகிற படியில் அவருடைய பாட்டில், அடியில் கொஞ்சம் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தது. தொட்டால் கொதித்தது. பாவம், இதைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தேன். டீ குடிக்கப் போயிருப்பார். பஞ்சர் போட எப்படியும் தண்ணீர் வேண்டும். அவருக்கென்று கொண்டுவந்த ஜில் தண்ணீரை டியூபில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சுடுதண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று பின்னால் ஓடி வந்துவிட்டேன்.

சைக்கிளைக் கவிழ்த்து, முன்சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவினேன். காற்றடித்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் முட்டை முட்டையாக வந்தது. தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தேன். பயமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

முன்னாலிருந்து ஹாரன் வரிசையாகக் கேட்டது. "நவுருது, நவுருது!" என்று யாரோ கத்தினார்கள். பின்வண்டி டிரைவர் இறங்கி ஓடிவந்தார். வியாசர்பாடிக்காரர், என் வீட்டுக்காரரோடு வருஷக்கணக்காக வரிசையில் நிற்கிறவர், என்னையும் தெரியும்.

"இன்னாமா தங்கச்சி, எங்க அவன்?"

"காணோம்ணா. டீ குடிக்கப் போயிருப்பாரு போல."

"சர்தான் போ. எடத்த வுட்டா எவனாவது பூந்துடுவான். நான் கொஞ்சம் இழுத்து நிறுத்துறேன்."

இதுவும் அங்கே வழக்கம்தான். டிரைவர் இல்லாத வண்டியைப் பக்கத்து வண்டிக்காரர் நகர்த்திவிடுவார். அதற்காகத்தான் சாவியை விட்டுவிட்டுப் போவார்கள். அவர் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் போனார். கதவைச் சாத்தினார். என்ஜின் உறுமியது. நான் சைக்கிளை மண்ணுக்கு இழுத்துவிட்டு, சிதறிக் கிடந்த சாமான்கள் சக்கரத்தில் போய்விடுமே என்று குனிந்து பொறுக்கினேன். குனிந்தபோதுதான் வண்டிக்கு அடியில் பார்த்தேன்.

முன்னால், கேபினுக்குக் கொஞ்சம் பின்னால், இருட்டில் ஒரு அட்டை விரித்திருந்தது. அட்டையின் மேல் இரண்டு உள்ளங்கால்கள். வெடித்த குதிகால். அந்தக் குதிகாலுக்கு நான்தான் தினமும் களிம்பு தடவுகிறேன்.

புஸ்ஸ்ஸென்று ஏர் பிரேக் விட்டது.

"அண்ணா! அண்ணா!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஓடிப் போய்ச் சொல்ல நேரமில்லை. வண்டி அசைந்துவிட்டது. கையில் ஸ்பேனர் இருந்தது. காலி கண்டெய்னர். அதன் இரும்புச் சுவரில் ஓங்கி அடித்தேன். கோயில் மணியை விடப் பெரிதாகக் கேட்டது. இரண்டு தட்டுத் தட்டினால் போகலாம் என்று எடுத்துக்கொள்வாரோ என்று வேறு பயம். அதனால் நிறுத்தாமல் அடித்தேன். யேசுவே, யேசுவே என்று கத்திக்கொண்டே அடித்தேன். வண்டி நின்றது. நின்றுவிட்டதென்று தெரிந்த பிறகும் கை அடித்துக்கொண்டே இருந்தது.

அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "அய்யோ... எவன்டா அவன்... நிறுத்துரா!"

உயிர் இருக்கிறது. ஆனால் அவர் வெளியே வரவில்லை. மண்டியிட்டுப் பார்த்தேன். டயர் அவர் லுங்கியின் மேல் ஏறி நின்றிருந்தது. தொடைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு கை நுழையுமோ நுழையாதோ. லுங்கி இடுப்பைப் பிடித்து இழுத்து வைத்திருந்தது. அவரால் புரளக்கூட முடியவில்லை.

பின்வண்டிக்காரர் இறங்கி வந்து பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "தங்கச்சி, கொஞ்சம் பின்னால எடுக்கட்டா?"

"வண்டியத் தொடாத! தொட்டின்னா கொன்னுடுவேன். சாவியப் புடுங்கு!"

அண்ணனாவது ஆட்டுக்குட்டியாவது, அந்த நேரத்தில் மரியாதை எங்கே வரும். அவர் ஓடிப் போய்ச் சாவியைப் பிடுங்கினார். என்ஜின் அடங்கியது. நான் வண்டிக்கு அடியில் போனேன். நான்! தலைக்கு மேலே அந்த இரும்பெல்லாம் சூடாக இருந்தது, கிரீஸ் சொட்டியது. தவழ்ந்துகொண்டே போய் அவர் இடுப்பில் கை வைத்தேன். லுங்கி முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகம் உடைந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். அவிழ்ந்ததும் அவர் லுங்கியை விட்டுவிட்டு வெறும் டிராயரோடு உருண்டு வெளியே வந்தார். பின்னாலேயே நானும் வந்தேன்.

வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "படில பாட்டில் வெச்சேனே. எவன்டா எட்த்தது?"

பின்வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பாட்டில் இல்லியேடா. பாத்துட்டுத்தான்டா ஏறுனேன், தாயி மேல சத்தியமா பாட்டில் இல்ல."

அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். வண்டிக்கு அடியில் ஆள் படுத்தால் டிரைவர் பக்கத்துப் படியில் பாட்டிலை வைத்துவிட்டுப் படுப்பார்களாம். படியில் பாட்டில் இருந்தால் அந்த வண்டியை யாரும் தொட மாட்டார்களாம். வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தருக்கும் தெரியுமாம். அவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிற எனக்குத் தெரியாது.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "பஞ்சர் போட. எனக்கெப்படித் தெரியும்? இன்னாத்துக்குச் சொல்லல நீ? வண்டிக்கு அடில படுப்பேன்னு இன்னாத்துக்குய்யா சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா? நான் வூட்ல இல்லாத நாள்ள எல்லாம் எழுந்து உக்காந்துகினு இருப்ப."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முதுகில் இரண்டு வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன். அவர் வாங்கிக்கொண்டார். தண்ணீர் கேட்டார். ரப்பர்ப் பட்டையை அவிழ்த்து ஜில் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திருக முடியவில்லை அவரால். நானே திறந்து வாயில் பிடித்தேன். பாதி கழுத்தில் வழிந்தது.

அதற்குள் பின்னாலிருந்து ஹாரன். முன்னால் இடம் காலியாகிக் கிடந்தது. "நான் எடுக்கமாட்டேன்டா சாமி, நீயே எடு" என்று பின்வண்டிக்காரர் தன் வண்டிக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் இன்னொரு லுங்கியைச் சுற்றிக்கொண்டு படியில் கால் வைத்தார். வைத்தவர் ஏறவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோட்டில் ஓடுகிற வண்டிகள் எங்கள் இரண்டு பேரையும் உரசிக்கொண்டு போயின.

"மே," என்றார். "அடில யாரும் கீறாங்களா பாரு."

"யார் இருக்கப் போறாங்க? நீதான வெளிய கீற."

"பாரும்மே."

குனிந்து பார்த்தேன். கசங்கின அட்டை, டயருக்கு அடியில் மாட்டிய லுங்கி. வேறு ஒன்றுமில்லை.

"யாரும் இல்ல. ஏறு."

அவர் ஏறவில்லை. பின்னாலிருந்து எல்லா வண்டிகளும் சேர்ந்து ஹாரன் அடித்தன.

"இன்னொரு வாட்டி பாரு" என்றார். "ஒவ்வொரு சக்கரமா பாத்துட்டுச் சொல்லு."