கறுப்புக் குடைக்கு ஈடு

எண்பதுகளின் நடுப்பகுதி. வந்து சேர்ந்த நாட்டில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தேன். சனிக்கிழமைகளில் சென்ட் லோரன்ட் என்ற பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் ஆங்கில வகுப்பு. அங்கே யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். என் அறையில் இருந்தவர் வேறு ஓதிக்கொண்டேயிருப்பார்: "ஒருத்தரோடையும் கனக்கக் கதையாதை. ரெண்டு இடத்திலை ரெண்டு கதை சொன்னியெண்டால் கேஸ் முடிஞ்சுது."

அன்றைய பாடம் 'கொம்பென்சேட்' என்ற வினைச்சொல். இழந்ததற்கு ஈடு செய்வது என்று விளக்கிய ஆசிரியை, எங்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தார். ஒருவர் தான் இழந்ததைச் சொல்ல வேண்டும். மற்றவர் எப்படி ஈடு செய்யலாம் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க கொரியப் பெண்மணி.

"நீங்கள் என்ன இழந்தீர்கள்?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். வந்திறங்கிய அன்று விமான நிலைய அதிகாரியும் என்னிடம் கடவுச்சீட்டைக் காணாமல் இதைத்தான் கேட்டிருந்தார்.

"ஒரு குடை," என்று புளுகினேன்.

"எங்கே?"

"பஸ்ஸில்."

"என்ன நிறம்?"

"கறுப்பு."

"யாருடைய குடை?"

"அண்ணனுடையது." வாய் தவறி வந்துவிட்டது. எதைப் பேசினாலும் அவன்தான் முன்னுக்கு வந்து நின்றான், அந்த நாட்களில்.

ஒரு குடைக்கு இவ்வளவு விசாரணையா? வகுப்பு முடிந்ததும் அந்த அம்மா கோட்டுப் போட்ட ஒருவரோடு வாசலில் கதைத்துக்கொண்டு நின்றார். குடிவரவுக்காரரின் உளவாளியேதான் என்று முடிவு கட்டினேன்.

"ஓம், நான் அப்பவே சொன்னனான்," என்றார் அறைக்காரர், நான் வந்து சொன்னதும். "ஆனால் வகுப்புக்குப் போறதை நிப்பாட்டாதை. நிப்பாட்டினால் இன்னும் சந்தேகப்படுவினம்."

அடுத்த சனி போனேன். அந்த அம்மா எழுந்து நின்று, தலையைத் தாழ்த்தி, ஒரு புதுக் கறுப்புக் குடையை இரண்டு கைகளாலும் நீட்டினார். மதிப்போடு கொடுப்பதென்றால் அவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள்.

"நான் ஈடு செய்கிறேன். அண்ணனிடம் கொடுங்கள். இனிக் கோபிக்க மாட்டார்."

நான் முதலில் கைப்பிடியைத்தான் உற்றுப் பார்த்தேன், உள்ளே ஒலிப்பதிவுக் கருவி ஏதும் பூட்டியிருக்கிறார்களோ என்று. சிரிக்காதீர்கள். அப்படித்தான் இருந்தோம்.

பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அண்ணன் இல்லை," என்றேன். "ஆமி கொண்டுபோய்ச் சுட்டுவிட்டது."

சட்டத்தரணியைத் தவிர வேறொருவரிடம் அதைச் சொன்னது அன்றுதான். சொல்லும்போதும், கோட்டுக்காரர் நிற்கிறாரோ என்று, என் கண் வாசலில்தான் இருந்தது.

அவர் 'கொம்பென்சேட்' என்ற அந்த வினைச்சொல்லைத் திரும்பச் சொல்லவில்லை. குடையை நீட்டிய கைகளை இறக்கவுமில்லை.