சந்தனம் படிந்த கண்ணாடி

தீவின் மரைன் ஹில்லில் சன்னல் இல்லாத ஓர் அறை. ஜோஸ்லினின் இரண்டு வருடங்கள் அதற்குள்தான் போயின. தூத்துக்குடியிலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம், இயற்பியலில் முதுகலை, ஒப்பந்த வேலை.

அவள் காவல் காத்தது ஒரு கடிகாரம். கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பிக்குள் ருபிடியம் ஆவி. லேசரின் நிறம் இம்மியும் பிசகாமல் பொருந்தினால் ஆவி மங்கலான நீலத்தில் ஒளிரும். அந்த நிறத்திலேயே லேசரைப் பிடித்து வைத்தால் அதன் அலைகளே கடிகாரத்தின் துடிப்பு. கப்பலில் ஏற்றக்கூடிய அந்தச் சிறிய பெட்டி தீவின் புழுக்கத்தைத் தாங்குமா என்பதுதான் சோதனை. ஒரு மாதம் பிடி விடாமல் ஓடினால் ஜோஸ்லினுக்கு விடுதலை. பெங்களூரில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரத்துக்குள் சேர வேண்டும். இங்கே விடுவித்தால்தான் அங்கே சேர முடியும்.

மாதம் முடியச் சில நாட்களே இருந்தபோது, ஆயுதபூஜையன்று நிலையப் பொறுப்பாளர் ஹரிஹரன் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"பொட்ட மூடி மேலயே வைங்க சார்."

"உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று சிரித்தபடி, உள்ளே கண்ணாடிகளைத் தாங்கும் சட்டங்களுக்கெல்லாம் பொட்டு வைத்தார். முனைவர் பட்டம் வாங்கிய விரல். ஏசிக் குளிரில் காய்ந்த சந்தனம் உதிர்ந்து கண்ணாடியில் படிந்தது. லேசர் மங்கியது, நீலம் அணைந்தது, பிடி விட்டுப்போனது.

"ஈரத்தால போச்சுன்னு சொல்லிடு. நாளைக்கே உன்ன விட்டுடறேன். டென்ஷன் மத் லோ, கவலப்படாதே."

"அப்புறம் கடிகாரமே தீவுக்கு ஆகாதுன்னு தள்ளிடுவாங்களே சார்."

"தள்ளட்டும். சந்தனம்னு சொல்லிப் பாரு. கிறிஸ்டியன் பொண்ணு பூஜையக் குறை சொல்றான்னு ஊரே பேசும். சோச் லோ, யோசிச்சுக்கோ."

காரணம் தெரியாதவரல்ல. தெரிந்துகொண்டே மிரட்டுகிறவரைப் படித்தவர் என்று எப்படிச் சொல்வது?

மெயின்லாண்டிலிருந்து தலைமை விஞ்ஞானி விஜயலட்சுமி தொலைபேசியில் பேசினார். ஹரிஹரன் ஒலிபெருக்கியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்ன ஆச்சு ஜோஸ்லின்?"

பெங்களூர் ஒரு சொல் தூரத்தில் இருந்தது.

"சந்தனம் மேடம். பெட்டி மேல தப்பில்ல."

யார் வைத்தது என்றுகூட அந்த அம்மாள் கேட்கவில்லை.

"நல்லவேளை சொன்னே. தொடச்சிட்டு முதல்லேருந்து ஓட்டுங்க. ஹரிஹரன், இவள இப்ப விடாதீங்க. பொறுப்பான பொண்ணு."

"அச்சா மேடம்" என்றார் அவர், முகம் மலர்ந்து.

ஜோஸ்லின் கையுறையை மாட்டினாள். வெளியே போகிறவர் கதவைத் திறந்தபடியே விட்டார்.

"சாத்திட்டுப் போங்க சார்" என்றாள். "குளிர் போயிடும்."