நாற்காலிப் பாறையின் பின்பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிறவருக்கு மனைவி வீட்டார் வைத்த பெயர் முன்ஜாக்கிரதை. பெயருக்குக் குறை வைக்காத மனிதர். வீட்டைப் பூட்டினால் பூட்டில் தொங்காத குறையாக இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு, "கேஸை மூடினோமா?" என்று திரும்புவார். கடை நான்காம் மாடியில் இருந்தும் ஒருநாள்கூட லிஃப்டில் ஏறியதில்லை. வேலையில் மட்டும் இந்தப் பயம் அவருக்குக் கைகொடுத்தது. வில்லை கொஞ்சம் பிசகினாலும் ஒருத்தர் படியில் உருண்டுவிடுவாரே என்று நினைத்து நினைத்தே திருகாணியை முடுக்குவார்.

மனைவி நேர் எதிர். துணிக்கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கிற வேலை அவளுக்கு. லீவு கிடைத்தால் எங்காவது கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். வளைகுடா நடுவில் இருக்கும் நாற்காலிப் பாறையைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காற்று, அலை, முதுகுவலி என்று அவரும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தார். கடைசியில் பஸ் ஓட்டுநரான அவள் தம்பி மூன்று டிக்கெட்டோடு வந்து நின்றான்.

"மாமா, வயித்துவலி வந்தா மாத்திரையும் நானே வாங்கித் தரேன். பேசாம கிளம்புங்க."

உல்லாசப் படகில் அவர் மிதவை வளையத்தை ஒட்டிய இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தார். உயிர்காப்பு அங்கியின் வார்களை இழுத்து இழுத்துக் கட்டியதில் சாப்பிட்டது தொண்டைக்கு வந்தது. தண்ணீர் என்னவோ தட்டில் ஊற்றி வைத்தது போலத்தான் கிடந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். அவர் கரை சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாறை வந்தபோது படகே ஒரு கணம் அமைதியானது. செங்குத்தான முதுகு, முன்னால் தட்டையான இருக்கை, அடியில் அலை குடைந்தது போக மிஞ்சிய பாறை நாலு கால்களாக நின்றது. மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கறுப்பு நாற்காலி. எல்லோரும் "ஆகா" என்றார்கள். அவருக்கு மட்டும், இதில் உட்கார்ந்திருந்தது எதுவோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது, திரும்பி வரும் என்று பட்டது.

"இந்தத் தட்டையான இடத்துல மட்டும் நில்லுங்க," என்றார் படகோட்டி. "பின்பக்கம் பாசி, அலையும் ஜாஸ்தி. ஹாரன் அடிச்சா உடனே வந்துடணும்."

முன்ஜாக்கிரதை இறங்கியதும் நட்டநடு இடமாகப் பார்த்துக் கால்களை அகட்டி நின்றுகொண்டார். மைத்துனன் அவரைப் படம் பிடித்தான். "மாமா, தூணுக்குக்கூட உங்களைவிட முகத்துல களை இருக்கும்."

ஹாரன் அடித்தது. எல்லோரும் படகுக்குத் திரும்பினார்கள். மனைவியைக் காணோம்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. கூப்பிட்டார். மைத்துனனும் கூப்பிட்டான். பாறையின் பின்னாலிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெலிதாக ஒரு குரல் வந்தது.

"என்னங்க..."

பின்பக்கம் போக ஓர் ஆள் அகல விளிம்புதான் இருந்தது. அவர் வயிற்றைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, பல்லியாகப் பக்கவாட்டில் நகர்ந்தார். கீழே பார்க்கவில்லை. காதில் விழுந்ததே போதுமாக இருந்தது. வளைவைத் தாண்டியதும் அவளைப் பார்த்தார். பாசி படிந்த சரிவில், ஒரு வெடிப்புக்குள் வலதுகால் முழங்கால் வரை போயிருக்க, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் கடல் வேறு கடலாக இருந்தது. ஒவ்வோர் அலையும் வெடிப்புக்குள் அடியிலிருந்து ஏறி, யாரோ மிடறு விழுங்குவது போலச் சத்தம் போட்டு அவள் மடிவரை நனைத்துவிட்டு இறங்கியது.

பின்னாலேயே வந்த மைத்துனன் ஒரு பார்வை பார்த்தான். "அக்காவைப் பிடிச்சுக்கோங்க மாமா, நான் படகுக்காரரைக் கூட்டிட்டு வரேன்," என்று திரும்பி ஓடினான்.

அவர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் அலறினாள். அடுத்த அலை இடுப்புக்கு வந்தது. அதற்கடுத்தது அவர் முகத்தில் அறைந்தது. மூக்கில் உப்பு ஏறியது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கைகள் அவள் தோளை விட்டன. தான் எழுந்து நிற்பதை அவரே உணர்ந்தார்.

"நானும் போய் ஆள் கூட்டிட்டு வரேன்."

"தம்பி போயிருக்கான்ல. போகாதீங்க."

"இதோ வந்துடறேன்."

விளிம்பில் இரண்டு எட்டு வைத்துவிட்டார். ஆள் கூப்பிடப் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். கால்கள் தப்பிக்கப் போய்க்கொண்டிருந்தன. பின்னால் அவள் கூப்பிடவில்லை, அழவில்லை. அந்த மௌனம்தான் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல், வருகிற அலையைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் பாறையைப் பற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்தார். பயம் கொஞ்சமும் குறையவில்லை. குப்புறப் படுத்து, வெடிப்புக்குள் கையை விட்டார். உள்ளே ஒரே இருட்டு. வழவழவென்று எதுவோ விரலில் பட்டு விலகியது. வாய்விட்டுக் கத்தினார், ஆனால் கையை எடுக்கவில்லை. தடவித் தடவிப் போனதில் செருப்பின் வார் தட்டுப்பட்டது. அது கல்லின் முனையில் மாட்டி, காலைக் கவ்விக்கொண்டிருந்தது.

"அசைக்காதே. அசைக்காதேன்னா!"

"நான் எங்க அசைக்கிறேன்? உங்க கைதான் உதறுது!"

அலை வந்து இருவரையும் மூடியது. தலைக்கு மேல் பச்சை வெளிச்சம். இதோடு முடிந்தது என்றே நினைத்தார். தண்ணீர் இறங்கியபோது வார்ப்பூட்டு அவர் விரல்களுக்கிடையில் இருந்தது. நெம்பினார். நகம் பெயர்ந்தது. பூட்டும் திறந்தது. அவள் காலை உருவினாள். தோல் வழன்று ரத்தம் வழிந்தது.

படகோட்டியும் தம்பியும் கயிற்றோடு வந்து சேர்ந்தபோது, இருவரும் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்தபடி பாறைச் சுவரில் ஒட்டிக்கிடந்தார்கள். அவர் கையைப் பிரித்தெடுக்கத்தான் படகோட்டி அதிகம் பாடுபட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டில் உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அவள் கதை சொன்னாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் எந்த வார்த்தைக்கு வருவாளோ என்று டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இவரா? என்னை விட்டு ஒரு அடி நகரலையே," என்றாள் அவள்.

"நம்ம முன்ஜாக்கிரதையா!" என்று மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குக் காது சுட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது, அவளைத் தாங்கிப் பிடித்து நடந்தபடி கேட்டார். "ஏன் அப்படிச் சொன்னே? நான் போனேனே."

"போனீங்க."

"பார்த்தியா?"

"பார்க்கலை. காலடிச் சத்தம் கேட்டுச்சு." கொஞ்ச தூரம் நொண்டி நடந்தாள். "அப்போ எனக்கு வந்த பயம் இருக்கே, அலையைப் பார்த்துக்கூட அப்படி வரலை. திரும்பி வந்தீங்க. இதையெல்லாம் அவங்களுக்கு உட்கார்ந்து விளக்கிட்டு இருக்க முடியுமா?"

ரோட்டைக் கடக்கும் இடம் வந்தது. இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு வண்டியும் இல்லை. மறுபடியும் பார்த்தார்.

"கால் வலிக்குதுங்க," என்றாள் அவள்.

"இரு, இரு," என்று அவள் முழங்கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்.