கடைசி மீதி பூஜ்யம்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. இருந்த ஒரே பைத்தியம் பகா எண். தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுகிற எண்களில், இதுவரை யாரும் காணாத பெரிய ஒன்றைப் பிடித்துவிட வேண்டும். பிடித்தவன் பெயர் அந்த எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளையில்லாத மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

அவரைப் போன்ற கிறுக்கர்கள் உலகம் முழுக்க ஆளுக்கொரு எண்ணாகப் பங்குபோட்டுச் சோதித்தார்கள். எல்லாமே, இரண்டைக் கோடிக்கணக்கான தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்கள். சோதனை கேட்கச் சுலபம். நான்கில் தொடங்கு, வர்க்கமாக்கி இரண்டைக் கழி, சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள், அந்த மீதியை மறுபடி வர்க்கமாக்கு. கோடிச் சுற்றுகள் முடிந்து கடைசி மீதி பூஜ்யமானால் அது பகா எண். நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

படுக்கையறையில் மெஷின் மாதக்கணக்கில் அனல் கக்கியது. மனைவி தன் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள். "உங்க சக்களத்தி எப்படி இருக்கா?" என்று கேலி பேசுவாள். ஆனாலும் கரண்ட் விட்டு விட்டு வந்தால் மெஷினைப் பார்க்க முதலில் ஓடுவது அவள்தான்.

ஒரு வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போன பழைய மெமரி சிப்பை அவர் அந்த மெஷினில் சொருகியிருந்தார். இன்னொருத்தன் செய்திருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பார். வேகத்துக்காக, கணக்கில் பிழை வந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பையும் அணைத்துவைத்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கடைசி மீதி பூஜ்யமில்லை என்று வந்தது. முடிவை அனுப்பிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார்.

ஒருவர் சொன்ன முடிவை இன்னொருவர் பின்னால் சரிபார்ப்பது அங்கே வழக்கம். சில வருஷம் கழித்து, எங்கோ ஒரு பெண் அவருடைய எண்ணைச் சோதித்தாள். மீதி பூஜ்யம். இதுவரை கண்டதிலேயே பெரிய பகா எண் என்று செய்தி வந்தது, அவள் பெயரோடு.

கடையில் அதைப் படித்தவர், வீட்டுக்கு ஓடிவந்து அந்த மெமரியைக் கழற்றிச் சோதித்தார். சூடேறியதும் அது தப்புத் தப்பாகக் காட்டியது. எண் அன்றைக்கும் பகா எண்தான். கைக்கு எட்டியதைத் தானே தட்டிவிட்டிருக்கிறார். வாழ்க்கையே வீணாய்ப் போனதாகத் தோன்றியது அவருக்கு.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்கதானே அதை முதல்ல போட்டுப் பாத்தீங்க? எழுதிக் கேளுங்களேன்."

"கேட்டா, நான் அனுப்பினதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

"என்னன்னு அனுப்பினீங்க?"

"இது பகா எண்ணே இல்லன்னு. கீழ என் பேரு இருக்கு."