ஒட்டாத இரண்டு விரல்

அந்தத் தேவாலயத்தில் போதகர்கள் மாறினார்கள், கூரை மாறியது, பழைய ஆர்கன் போய் கீபோர்டு வந்தது. மாறாதவர் வாசல்காரர் ஒருவரே. வார நாட்களில் செருப்புக்கடை விற்பனையாளர்; ஞாயிறு காலையில், அவரே நம்பியபடி, பரலோகத்துக்கு முந்தின ஸ்டாப்பின் கண்டக்டர்.

சும்மா கை குலுக்குகிற வேலைதானே என்று நினைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். வந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே நடுவழியில் நிற்கும் மைத்துனருக்கு விரலால் சைகை காட்டுவார். ஒற்றை விரல் என்றால் தனி ஆள், எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே செருகு. இரண்டு விரலை ஒட்டிக் காட்டினால் தம்பதி, சேர்த்து உட்கார வை. உள்ளங்கையை விரித்தால் குழந்தை குட்டியோடு குடும்பம், கதவோரம் போடு. அழுதால் தூக்கிக்கொண்டு ஓட வசதி. விவாகரத்துக்கு அலைந்துகொண்டிருந்த ஒரு தம்பதியைக்கூட விரலை ஒட்டிக் காட்டி நெருக்கி உட்கார வைத்த புண்ணியவான். ஒரு தடவை நாய்க்கே ஒற்றை விரல் காட்டினார் என்று மைத்துனர் சொல்வார். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம்.

இந்த வாசலுக்குத்தான் அவருடைய மகன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக்; தனியே வீடு எடுத்துப் போனவன். கூடவே ஓர் இளைஞன், ஆஸ்பத்திரி நர்ஸ். இருவரும் ஒரே வீட்டில் ஒரே வாழ்க்கை வாழ்கிறார்கள் என்பது வாசல்காரருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது மனைவிக்கும் தெரியும். வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் மட்டும் டிவி சத்தம் கூடும்.

"அப்பா, இன்னைக்கு இவனையும் கூட்டிட்டு வந்திருக்கேன். எங்க உக்காரலாம்?"

இருவருக்கும் கை குலுக்கினார். அதில் குறை வைக்கவில்லை. அப்புறம் விரலைத் தூக்கினார். பின்னால் சபைப் பொருளாளரின் மனைவி நின்றிருந்தார். அந்த அம்மாவுக்கு முன்னாலேயே அந்த அம்மாவின் கண்கள் வந்து நின்றிருந்தன. வாசல்காரரின் ஒட்ட வேண்டிய விரல்கள் ஒட்டவில்லை. ஒற்றை விரல் காட்டினார். ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் ஒற்றை விரல்.

மைத்துனர் சொன்னதைச் செய்பவர். மகனை முதல் வரிசையில் செருகினார். நர்ஸைக் கடைசியில், தூணுக்குப் பின்னால். செருப்புக்கடையிலும் இதே ஏற்பாடுதான்: ஒரு கால் கண்ணாடி அலமாரியில், மறு கால் குடோனில் டப்பாவுக்குள். ஆனால் அங்கே, கேட்டதும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஆண்டவர் யாரையும் தள்ளுவதில்லை என்பது அன்றைய பிரசங்கம். வாசல்காரர் கதவருகே நின்று சத்தமாகவே ஆமென் போட்டார். மகன் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, பாதியில் எழுந்து பின்னால் போனான். தூணருகே இன்னொருவருக்கு இடமில்லை. இருவரும் பக்கக் கதவு வழியாக வெளியேறினார்கள். வாசலைத் தாண்டாததால், போகிற எல்லாருக்கும் அவர் சொல்லும் "அடுத்த வாரமும் வாங்க" அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அன்று மதியம் வீட்டில் மனைவி சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தார். "ஊருக்கெல்லாம் இடம் பாத்துக் குடுக்குற மனுஷன். பெத்த பிள்ளைக்கு மட்டும் விரல் சேரலையா? சுளுக்கா?"

"பொருளாளர் வீட்டம்மா பாத்துட்டு நின்னாங்க."

"ஓஹோ. பரலோகத்துலயும் அந்தம்மாதான் டிக்கெட் கிழிக்கிறாங்களா?"

பல வாரம் கழித்து, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனார். நர்ஸ் கதவைத் திறந்து, "வாங்க அங்கிள், எங்க வேணாலும் உக்காருங்க," என்றான். ஊரையே உட்கார வைத்தவர், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். மகன் காபியோடு வந்தான்.

"ரெண்டு பேரும் மறுபடி கோயிலுக்கு வாங்கப்பா," என்றார் வாசல்காரர்.

"சேர்ந்து உக்காரலாமா?"

ஆமாம் என்பது சின்ன வார்த்தை. அதைச் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமினார். செருமிய அந்த நேரத்துக்குள் பொருளாளரின் மனைவி அவர் மனசுக்குள் வந்துவிட்டுப் போனார். மகன் அந்தச் செருமலைக் கேட்டுக்கொண்டான்.

"காபி ஆறுது, குடிங்கப்பா." மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் வலித்தது.

பிறகு மகனும் நர்ஸும் வேறொரு சபைக்குப் போகத் தொடங்கினார்கள். மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி, யார் வேண்டுமானாலும் யார் பக்கத்திலும் உட்காரலாம். கொஞ்ச நாளில் அவருடைய மனைவியும் அங்கேயே போய்விட்டார்.

ஒரு ஞாயிறு, நல்ல கூட்டம். எதிரே யாருமே இல்லாதபோது வாசல்காரர் இரண்டு விரலை ஒட்டித் தூக்கினார். மைத்துனர் காலி வாசலைப் பார்த்து விழித்தார். ஆனாலும் சொன்னதைச் செய்பவர், நடு வரிசையில் இரண்டு இடம் பிடித்து வைத்தார். தாமதமாக வந்த பொருளாளரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"அந்த ரெண்டு இடம் யாருக்கு?"

"என் மகனுக்கும் அவன் துணைக்கும்," என்றார் வாசல்காரர். பாட்டுக்கு மேலே கேட்கும்படியாகவே.

கூரை இடிந்து விழவில்லை. அந்த அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். "அப்படியா? சரி, எனக்கு ஃபேனுக்குக் கீழ ஒண்ணு பாருங்க," என்றார். இத்தனை நாள் அவர் பயந்த கண்கள் ஃபேனைத் தேடிப் போய்விட்டன. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டார் வாசல்காரர்.

கடைசிப் பாட்டின்போது மைத்துனர் வந்தார். "அத்தான், ஆளுங்க நின்னுட்டு இருக்காங்க. அந்த இடத்தை விட்டுடவா?"

வாசல்காரர் தெருவைப் பார்த்தபடியே நின்றார்.

"வெச்சிரு."