கரியில் வெந்த வாடா

அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, கிண்ணத்து எண்ணெயில் லேசாகத் தொட்டு, கம்பி வலையின் மேல் தேய்ப்பாள் என் மனைவி. ஒரு சொட்டு கனலில் விழுந்து சீறும். எங்கள் வீட்டில் அப்போது புழங்கிய எண்ணெய் அவ்வளவுதான். இறால் வாடாவைப் பொரிக்காமல் சுட்டெடுக்க அவள் பழகிய நாட்கள் அவை. அந்த உழைப்புக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன் என்பதை அவள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

காரைக்காலில் எங்கள் வீடுகளில் மாலையானால் வாடா வேண்டும். அரிசி மாவைத் தட்டி, வெங்காயமும் தேங்காயும் இறாலும் சேர்த்து வதக்கிய மசாலாவை உள்ளே வைத்து மூடி, மேலே ஒரு முழு இறாலை அழுத்தி, கொதிக்கும் எண்ணெயில் பொரிப்பார்கள். என்னைவிட அவளுக்குத்தான் அதன்மேல் பைத்தியம். மொறுமொறுத்த மேல் இறாலை முதலில் கிள்ளித் தின்றுவிட்டு, பிள்ளைகளின் தட்டிலும் கை வைப்பாள். நான் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற மறு வருடம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பொரித்தது கூடவே கூடாது என்றார் டாக்டர். வீடு திரும்பிய அன்றே எண்ணெய்ச் சட்டியைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டாள்.

"நீங்க திங்காததை நானும் திங்க மாட்டேன். நிய்யத்து வச்சுட்டேன்."

"உனக்கென்ன வந்துச்சு? நீ தின்னேன்."

"நான் மொறுக்கு மொறுக்குன்னு கடிக்க, நீங்க எதிர்ல உக்காந்து என் வாயையே பாப்பீங்க. எனக்கு வயித்து வலி வர்றதுக்கா?" என்று சிரித்தாள்.

துபாயிலிருந்து மகன் கொண்டுவந்த கிரில் ஒன்று பிரிக்கப்படாமல் கிடந்தது. கரி போட்டு, மேலே கம்பி வலை வைப்பது. அதை முற்றத்துக்கு இழுத்தாள். முதல் நாள் பச்சை மாவு வலையின் இடுக்கில் வழிந்து கரியில் விழுந்தது. மறுநாள் இட்லிப் பானையில் அரைவேக்காடாக அவித்துப் பிறகு சுட்டாள். அது நின்றது. மேலே பொன்னிறம் ஏறியது. தட்டில் வைத்து நீட்டினாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னேன். அவளிடம் நான் உண்மை பேசியது அந்த ஒரு நாள்தான்.

மாலையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அரசலாற்றங்கரையோரம் கடற்கரை வரை போய்த் திரும்புவேன். வழியில் ஒரு வாடாக் கடை. சில நாட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். ஒரு நாள் நின்றேன். ஒன்று தின்றேன். பிறகு அது வழக்கமாயிற்று. ஒன்று இரண்டாயிற்று. பள்ளிவாசல் குழாயில் கை கழுவி, வாயில் கிராம்பு அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அங்கே அவள் சூடான தட்டோடு காத்திருப்பாள். எனக்கோ வயிறு நிறைந்திருக்கும். பசியில்லை என்றால் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிடுவாள். அதனால் ஒரு விள்ளல் வாயில் போட்டுக் குறை சொன்னேன்.

"மாவு வறண்டு கெடக்கு."

மறுநாள் மாவில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்திருந்தாள். இறால் ரப்பராட்டம் இருக்கிறது என்றேன். பாதி வெந்த பிறகே இறாலை அழுத்தத் தொடங்கினாள். புகை நாற்றம் என்றேன். அடியில் வாழை இலை விரித்தாள். ஒவ்வொரு குறைக்கும் மறுநாள் ஒரு திருத்தம். கண்ணெல்லாம் புகையில் சிவந்திருக்க, "ஹெச்.எம். சார், இன்னைக்காவது பாஸா? இல்ல பரீட்சை திரும்பவுமா?" என்று கேட்பாள். குறை எதிலும் இல்லை. என் வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான்.

ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. மாத்திரையின் வேலை. அவளோ கிரில்லின் வேலை என்று தெருவெல்லாம் சொன்னாள். பெண்கள் வந்து செய்முறை கேட்டுப் போனார்கள். தேங்காய்ப்பால், பாதி வேக்காடு, வாழை இலை என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்வதை உள்ளறையிலிருந்து கேட்பேன். ஒவ்வொன்றும் நான் சொன்ன ஒரு பொய்.

ஒரு தடவை ஆட்டோவில் அந்தக் கடையைத் தாண்டினோம். முக்காட்டை மூக்கின் மேல் இழுத்துக்கொண்டாள். "வெரசா போவச் சொல்லுங்க. வாசம் ஆளைக் கொல்லுது." கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "பாருங்களேன், பழைய வாடிக்கையை மனுசன் மறக்கல," என்றாள். முந்தின மாலை கூட நான் அங்கே நின்றிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், நிய்யத்தை விட்டுவிட்டு ஆட்டோவைத் திருப்பச் சொல்லி இரண்டு வாடா தின்றிருப்பாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பொரித்த வாடாவை மறுபடி ஒரு கடி கடிக்காமலேயே போய்ச் சேர்ந்தாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு, இறந்தவர் ஆசைப்பட்டதைச் சமைத்து வைத்து ஓதுவது எங்கள் வீட்டு வழக்கம். அவளுடைய தங்கை என்னிடம் வந்தாள். "லாத்தாவுக்கு ரொம்பப் புடிச்சது கிரில் வாடாதானே மச்சான்? அதையே வச்சுருவோம்."

"பொரிச்ச வாடா வைங்கம்மா. அதுதான் அவளுக்குப் புடிக்கும்," என்றேன்.

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "என்ன மச்சான் பேசுறீங்க? உங்க உசுருக்காக எண்ணெய்ச் சட்டியவே தூக்கிப் போட்டவ. அவ பேருல ஓதுறப்ப பொரிச்சதைக் கொண்டாந்து வைக்கிறதா? அவ ரூஹு தாங்குமா?"

பதில் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகன் நின்றிருந்தான்.

"சரிம்மா, உங்க இஷ்டம்," என்றேன்.

வெள்ளை விரிப்பில் சுட்ட வாடாக்களை அடுக்கி வைத்து ஓதினார்கள். பிறகு எல்லோரும் தின்றார்கள். "லாத்தா கைப்பக்குவம் அப்படியே இருக்கு," என்றாள் ஒருத்தி.

போன மாதம் வருஷ பாத்திஹா வந்தது. இந்த முறை கொழுந்தியாள் என்னைக் கேட்கவில்லை. கிரில்லை முற்றத்தில் போட்டுக் கரியைக் கொட்டினாள். கரி ஈரமாக இருந்ததால் பற்றவில்லை. "ஒரு கை விசிறுங்க மச்சான்," என்றாள். விசிறினேன்.